ஆள் வருது

அந்த மகளிர் விடுதி மெஸ்ஸில் நாற்காலிக்குப் பஞ்சமே கிடையாது. நானூறு பேர் சாப்பிடும் கூடத்தில் அறுநூறு நாற்காலி போட்டிருந்தார்கள். அப்படியிருந்தும் மேகலா தினமும் பக்கத்து நாற்காலிக்கு ஒரு பையைக் காவல் வைத்தாள். அகெல்லோ தட்டை ஏந்திக்கொண்டு அந்த மேசைப் பக்கம் வருவது தெரிந்தால் போதும், பை மடியிலிருந்து நாற்காலிக்கு இறங்கிவிடும்.

"ஆள் வருது," என்பாள் மேகலா. சிரித்த முகமாகத்தான் சொல்வாள்.

உகாண்டாவிலிருந்து படிக்க வந்த பெண்ணுக்கு அந்த இரண்டு சொல் புரியுமா என்று அவள் கவலைப்பட்டதில்லை. பை புரிந்தால் சரி. அகெல்லோ நாற்காலியை ஒரு தடவை பார்ப்பாள், மேகலாவை ஒரு தடவை பார்ப்பாள், பிறகு கை கழுவும் குழாய்ப் பக்கத்தில் தனியாகக் கிடக்கும் மூலை மேசைக்குப் போய்விடுவாள். பைக்காரி சொன்ன ஆள் மட்டும் ஒருநாளும் வந்ததில்லை.

பேருந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிறவர்கள் நாம். அந்தத் துண்டை எடுத்துவிட்டு உட்கார ஒருவருக்கும் துணிச்சல் வராது. நின்றுகொண்டு வரும் மனுஷருக்கு இல்லாத மரியாதை துண்டுக்கு உண்டு. மேகலா இதை நன்றாக அறிவாள். முதுகுளத்தூர்ப் பக்கம், கண்மாய்க்கு அந்தப்புறம் இருக்கும் காலனியில் பிறந்தவள் அவள். பள்ளிக்கூடம் போக ஒரே ஒரு டவுன் பஸ். ஊருக்குள்ளிருந்து ஏறுகிற பிள்ளைகள் முதலிலேயே உட்கார்ந்திருப்பார்கள். இவள் ஏறியதும் பக்கத்து இருக்கைகளில் பைகள் முளைக்கும். "ஆள் வருது, ஆள் வருது." ஆறு வருஷம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே படித்து முடித்தாள். ஆனாலும் கற்றது அவளுக்கு வீணாகவில்லை பாருங்கள்.

கோயம்புத்தூருக்கு வெளியே இருந்த அந்தத் தனியார் கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம் அவளைத் துளைத்தெடுத்தார்கள். "எந்த ஊரு?" என்று ஆரம்பிப்பார்கள். ஊர் சொன்னால் "ஊருக்குள்ளயா?" என்பார்கள். அதையும் சமாளித்தால் "உங்க குலசாமி எது?" என்று ரொம்ப அக்கறையாகக் கேட்பார்கள். மேகலா மென்று விழுங்கினாள். சின்ன வயதிலேயே மதுரைக்குப் போய்விட்டோம் என்று ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தாள். அறைத்தோழி மிருதுளா அதை நம்பவில்லை. காங்கயத்துப் பெரிய தோட்டக்கார வீட்டுப் பெண் அவள். விடை கிடைக்கும்வரை தன் தண்ணீர்ப் பாட்டிலை மேகலாவின் கண்ணில் படாமல் அலமாரிக்குள் வைத்துக்கொண்டாள்.

அந்த வருஷம்தான் 'சாயல்' வந்தது. ஊரெல்லாம் அதைத் தலைமேல் தூக்கிவைத்து ஆடியது. கைப்பேசியில் முகம் காட்டிப் பேசும் சமூக வலைத்தளம்தான். உலகத்தில் யார் எந்த மொழியில் பேசினாலும் அது கேட்கிறவரின் மொழியில் காதில் விழும். வாயசைவும் பொருந்தும். மொழி மாற்றிய பேச்சு என்பதற்கு ஓரத்தில் ஒரு சின்ன நட்சத்திரம் மின்னும்.

மேகலா அதில் ஒரு நாள் பாடத்தைப் பற்றி ஏதோ பேசிப் போட்டாள். இரண்டாம் நாள் மழையைப் பற்றி. ஒரு மாதத்தில் அவள் பேச்சைக் கேட்க ஒரு பெருங்கூட்டமே சேர்ந்துவிட்டது. திருச்சிக்காரர் 'நம்ம வீட்டுப் பிள்ளை' என்று எழுதினார். நாகர்கோவில்காரரும் அதையே எழுதினார். சேலத்திலிருந்து ஓர் அம்மாள் தன் மகனுக்கு ஜாதகம் பொருந்துமா என்றே கேட்டுவிட்டார். மிருதுளாவின் பாட்டில் அலமாரியை விட்டு வெளியே வந்தது.

"நேர்ல ஒரு தினுசாப் பேசற, சாயல்ல கேட்டா எங்க காங்கயத்துப் பேச்சாட்டவே இருக்குதேடி," என்றாள் மிருதுளா. "உங்கம்மா எங்க பக்கமா இருக்கோணும். அதான் கண்ணு, மொகத்துலயே தெரியுது."

மேகலா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதன்பிறகு அவளை யாரும் எந்த ஊர் என்று கேட்கவில்லை. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. நூறு வருஷமாக மேடை போட்டுப் பேசியும் ஒழியாதது ஒரு கைப்பேசித் திரையில் ஒழிந்துவிட்டதாக நிஜமாகவே நம்பினாள். கல்லூரிப் பேச்சுப்போட்டியில் அதையே பேசிக் கோப்பையும் வாங்கினாள். "மனுஷன மனுஷன் நேருக்கு நேரா பாத்தா போதும், எல்லாச் சுவரும் இடிஞ்சிரும்," என்று அவள் முழங்கியபோது கை தட்டாதவர்கள் நான்கு பேர்தான். அகெல்லோவையும் சேர்த்து மூன்றாம் மாடியில் தங்கியிருந்த வெளிநாட்டுப் பெண்கள் அவர்கள். தமிழ் தெரியாது.

சாயலில் 'இருவர் அறை' என்று ஒன்று உண்டு. மனதிலிருப்பதைக் கொட்ட அது தானாக ஒரு துணையைப் பொருத்தித் தரும். பெயரும் இடமும் சொல்லக்கூடாது என்பது அங்கே விதி. மேகலாவுக்கு அமைந்த துணையின் புனைபெயர் 'பின்னவள்'. முதல் தடவை திரையில் அவள் முகத்தைப் பார்த்ததும் மேகலா கைப்பேசியைக் கண்ணருகே கொண்டுவந்தாள். தன் நிறம். தன் சித்தி மகள் ஜாடை. வாயைத் திறந்தால் சொந்த ஊர்ப் பேச்சு. ஓரத்தில் நட்சத்திரமும் இல்லை.

மாலையில் வகுப்பு முடிந்ததும் மேகலா மெஸ் கட்டடத்து மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி ஓரம் உட்கார்ந்து அவளோடு பேசுவாள்.

"இன்னைக்கு என்ன வெஞ்சனம்?" என்று மேகலா கேட்பாள்.

"உருளைக்கெழங்குதான். தொண்டையில எறங்கல," என்பாள் பின்னவள்.

"ஏன்?"

"நான் போயி உக்காந்தா பக்கத்துல இருக்கவுக எந்திரிச்சுப் போயிடுறாக. குளிக்கிற எடத்துல நான் தொட்ட வாளிய மூணு தடவ கழுவுறாக. பழகிப்போச்சுன்னு தான் நெனச்சேன். பழகல."

மேகலா அழுதுவிடுவாள். பொய்யழுகை இல்லை, மூக்கு சிவக்கிற அழுகை. டவுன் பஸ்ஸில் ஆறு வருஷம் நின்றதை அவள் வாழ்க்கையிலேயே வாய்விட்டுச் சொன்னது பின்னவளிடம் மட்டும்தான். "நம்ம ரெண்டு பேரும் ஒரே எடத்துல படிச்சிருக்கணும்த்தா," என்பாள். "நான் ஒன் பக்கத்துல உக்காந்திருப்பேன். எவ வந்தாலும் நகந்திருக்க மாட்டேன்."

"நெசமாவா?" என்று பின்னவள் ஒவ்வொரு தடவையும் கேட்பாள்.

"சத்தியமா," என்று மேகலா ஒவ்வொரு தடவையும் தலையாட்டுவாள்.

மறுநாள் மெஸ்ஸில் பை நாற்காலியில் இருக்கும். இது அவளுக்கு உறுத்தவே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். அது வேறு, இது வேறு என்று நினைத்திருந்தாள். ஊரில் நடந்தது சாதி. மெஸ்ஸில் நடப்பது வெறும் கூச்சம். அவர்கள் வேறு தேசம், வேறு இனம், வேறு வாசனை. தன் முழங்கையும் அகெல்லோவின் முழங்கையும் கிட்டத்தட்ட ஒரே கறுப்பு என்பதுதான் உண்மையில் அவளை அதிகம் பயமுறுத்தியது. பக்கத்தில் உட்கார்ந்தால் யாராவது இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிடுவார்களே!

இரண்டாம் வருஷம் ஆவணி மாதம் யாரோ சாயலில் ஒரு புரளியைக் கிளப்பிவிட்டார்கள். மூன்றாம் மாடிப் பெண்களிடமிருந்து ஏதோ தோல் நோய் பரவுகிறதாம். கல்லூரி மருத்துவர் அப்படி எதுவும் இல்லை என்று எழுதித் தந்தார். அதை யார் பார்த்தார்கள்? நான்கு பேரையும் வளாகத்துக்கு வெளியே இருந்த பழைய கட்டடத்துக்கு மாற்ற வேண்டும் என்று மனு தயாராயிற்று. வளாக விடுதியில் தங்கினால்தான் அவர்களுக்கு உதவித்தொகை. வெளியே போனால் அது நின்றுவிடும், அவர்கள் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். மனு எழுதியவர்களுக்கு இது தெரியாமல் இல்லை.

"நீ அத சாயல்ல படிச்சுப் போட்டீன்னா போதும்," என்றாள் மிருதுளா. "உன்ற மொகத்தப் பாத்தா எல்லாருக்கும் நம்மாளுன்னு ஒரு இது வருதல்ல? அக்கட்டால இருக்கற ஹாஸ்டல்காரங்களும் கையெழுத்துப் போட்டுருவாங்க."

மேகலா ஒரு நாள் அவகாசம் கேட்டாள். மாலையில் மொட்டைமாடிக்குப் போய்ப் பின்னவளிடமே யோசனை கேட்டாள்.

"எங்க ஹாஸ்டல்ல சில பேர வெளிய அனுப்பச் சொல்லி எழுதிக் கொடுக்கப் போறாக. என்னையப் படிக்கச் சொல்றாக."

"அவுக ஒன்னைய என்ன செஞ்சாக?"

"ஒண்ணும் செய்யல."

"அப்புறம்?"

"நான் மாட்டேன்னா, ஏன் மாட்டேங்குறான்னு கேப்பாக. அப்புறம் எந்த ஊருன்னு கேப்பாக. இப்பத்தான் கேக்குறத நிறுத்தியிருக்காக."

"அப்ப செய்யி," என்றாள் பின்னவள்.

மேகலா படித்தாள். குரல் பிசிறாமல், கண் கலங்காமல், 'நம் பாதுகாப்புக்காக' என்ற இடத்தில் சரியாக நிறுத்தி அழகாகப் படித்தாள். மூன்றே நாளில் நிர்வாகம் மனுவை ஏற்றுக்கொண்டது. அன்று மதியமும் அகெல்லோ தட்டோடு வந்தாள், அன்றும் பை நாற்காலிக்கு இறங்கியது.

அன்று மாலை பின்னவள்தான் முதலில் பேச்சை ஆரம்பித்தாள்.

"நான் ஒன்னு சொல்லட்டுமா?" என்றாள். "எங்க மெஸ்ஸுல ஒருத்தி இருக்கா. நான் போனாலே பக்கத்து நாற்காலியில பையை வெச்சுருவா. பச்சப் பை. ஓரம் கிழிஞ்சதுக்கு மஞ்ச நூலு போட்டுத் தச்சிருக்கு. யாரோ வாராகன்னு சொல்லுவா. நானும் தெனமும் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பாப்பேன், யாரு வாரான்னு. இன்னைக்கும் பாத்தேன். யாரும் வரல."

மேகலாவின் மடியில் பை இருந்தது. பச்சைப் பை. ஓரம் கிழிந்தபோது அவள் அம்மா வீட்டிலிருந்த மஞ்சள் நூலை எடுத்துத் தைத்துக் கொடுத்தது. திரையில் அவள் சித்தி மகள் ஜாடையில் ஒருத்தி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேகலா கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

கணினித் துறையில் நான்காம் வருஷம் படித்த இம்தியாஸ் முந்தின விடுமுறையில்தான் சாயல் நிறுவனத்தில் பயிற்சி முடித்து வந்திருந்தான். கேன்டீன் வாசலில் அவனைப் பிடித்தாள்.

"அண்ணே, சாயல் மொகத்தயும் மாத்துமா?"

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். "மொகம், நிறம், பேச்சு, எல்லாந்தான். ஆரம்பத்துல மொழிய மட்டும் மாத்துச்சு. அப்புறம் ஆராய்ச்சி பண்ணிப் பாத்தாங்க. ஜனங்க தங்கள மாதிரி இருக்கறவங்க பேசினா மூணு மடங்கு நேரம் கேக்கறாங்க. அதனால பேசறவர, பாக்கறவரோட ஆளா மாத்திடும். தெரிஞ்சவங்க மொகத்த லேசா மாத்தும், தெரியாதவங்கள முழுசா மாத்தும். சேலத்துக்காரங்களுக்கு நீ சேலத்துப் பொண்ணு. மிருதுளாவுக்கு நீ காங்கயத்துப் பொண்ணு."

"நட்சத்திரம்?"

"அத போன வருஷமே எடுத்தாச்சு. அது இருந்தா பாதியில போயிடறாங்க."

"அப்ப என்னைய யாருமே பாக்கலையா?"

"யாரும் யாரையும் பாக்கலம்மா," என்றான் இம்தியாஸ். அவள் கைப்பேசியை வாங்கி, அமைப்புகளுக்குள்ளே ஏழு கதவு தாண்டி ஒரு பொத்தானைக் காட்டினான். 'உள்ளபடி' என்று போட்டிருந்தது. "சட்டத்துக்காக வெச்சிருக்காங்க. யாரும் அமுக்கறதில்ல. அமுக்கினவங்களும் ஒரு மணி நேரத்துல பழையபடி மாத்திக்கறாங்க."

மேகலா அமுக்கினாள். பின்னவளின் பழைய பேச்சுகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டன. ஒவ்வொன்றிலும் அகெல்லோ இருந்தாள். மூன்றாம் மாடி ஜன்னலும், அதற்கு வெளியே மெஸ் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியும் பின்னால் தெரிந்தன. அகெல்லோ பேசியது மேகலாவுக்குக் கொஞ்சமும் புரியாத மொழி. இரட்டைப் பிள்ளைகளுக்குப் பின்னால் பிறப்பவளுக்கு வைக்கும் பெயர் அகெல்லோ என்று திரையின் ஓர் ஓரத்தில் குறிப்பு இருந்தது. தன் பெயரையே அவள் புனைபெயராகக் கொடுக்க, அதைத்தான் சாயல் 'பின்னவள்' என்று அவளுக்குத் தமிழாக்கிக் காட்டியிருந்தது.

மூன்றாம் மாடி அறைக் கதவு திறந்தே கிடந்தது. அகெல்லோ பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள், வியப்படையவில்லை. இருவரும் ஆங்கிலத்தில் பேசினார்கள். சாயல் இல்லாமல் இருவருக்கும் பொதுவாக இருந்தது அந்த அரைகுறை ஆங்கிலம்தான்.

"உனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் மேகலா.

"இரண்டாம் நாளே தெரியும்," என்றாள் அகெல்லோ. "திரையில் எங்கள் ஊர் முகம், எங்கள் ஊர்ப் பேச்சு. ஆனால் ஆமாம் என்று சொல்வதற்கு நீ தலையை இப்படி இரண்டு பக்கமும் ஆட்டினாய். எங்கள் ஊரில் யாரும் அப்படி ஆட்டுவதில்லை. இங்கே வந்த முதல் வாரம் அந்தத் தலையாட்டலைப் பார்த்து ஆமாமா இல்லையா என்று புரியாமல் நான் திண்டாடியிருக்கிறேன். அன்றைக்கே தேடிப் பிடித்து அந்தப் பொத்தானை அமுக்கி உன்னைப் பார்த்துவிட்டு, பழையபடி மாற்றிவைத்தேன்."

"அப்புறம் ஏன் சொல்லவில்லை?"

"திரையில் எனக்காக அழுதாய். மறுநாள் பை வைத்தாய். என்றைக்காவது பையை எடுப்பாய் என்று காத்திருந்தேன்."

மேகலாவுக்கு அழுகை வந்தது. இந்த அறையில் அதற்கு மதிப்பில்லை என்றும் தெரிந்தது. "மனுவைப் படிக்கட்டுமா என்று உன்னிடம்தானே கேட்டேன்? ஏன் செய் என்று சொன்னாய்?"

அகெல்லோ ஒரு சட்டையை மடித்து வைத்தாள். "நீ செய்யமாட்டாய் என்று நினைத்தேன்," என்றாள்.

மேகலா வார்டனிடம் ஓடினாள். மனுவிலிருந்து தன் பெயரை எடுக்க வேண்டும் என்றாள். "முன்னூறு பேர் கையெழுத்துப் போட்டிருக்காங்க. நீ ஒருத்தி எடுத்து என்னாகப் போகுது? அதுவும் நீதான படிச்ச?" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் வேறு கோப்பைப் பிரித்தார்.

அடுத்து சாயல். பேசுகிறவர் 'உள்ளபடி' போட்டால் பார்க்கிறவர் எல்லோருக்கும் உள்ளபடியேதான் தெரியும். மேகலா போட்டாள். காலனியின் பெயரைச் சொன்னாள். டவுன் பஸ்ஸைச் சொன்னாள், பையைச் சொன்னாள், மனு பொய் என்று சொன்னாள். சொந்த நிறத்தில், சொந்த ஊர்ப் பேச்சில், மூக்கு ஒழுகச் சொன்னாள். ஊரே திரும்பிப் பார்க்கும் என்று எதிர்பார்த்தாள்.

ஊர் பார்த்தது. 'யார் இது?' என்று முதல் ஆள் எழுதினார். 'எங்கள் மேகலா எங்கே?' என்றார் திருச்சிக்காரர். 'அந்தப் பிள்ளையின் கணக்கை எவளோ திருடிவிட்டாள், எல்லோரும் புகார் கொடுங்கள்,' என்று சேலத்து அம்மாள் துடித்துப்போய் எழுதினார். ஒரு மணி நேரத்துக்குள் பல்லாயிரம் புகார்கள் குவிந்தன. போலி முகம் என்று முத்திரை குத்திச் சாயல் அவள் கணக்கை மூடியது. மூடுவதற்கு முன்னால் கடைசியாக வந்த கேள்வி மட்டும் திரையில் நின்றது. 'எந்த ஊரு நீ?'

அறைக்குத் திரும்பியபோது மிருதுளாவின் தண்ணீர்ப் பாட்டில் மேசைமேல் இல்லை.

"உங்கம்மா எந்த ஊருன்னு சொன்னே?" என்று கேட்டாள் மிருதுளா. மேகலா அப்படி எதுவும் சொன்னதே இல்லை. இருவருக்கும் அது தெரியும்.

வெள்ளிக்கிழமை மதியம் மூன்றாம் மாடிப் பெண்களுக்கு வண்டி வருவதாக இருந்தது. மெஸ்ஸில் மேகலா தட்டோடு திரும்பியபோது அவளுடைய வழக்கமான மேசையில் எல்லா நாற்காலியிலும் ஆளோ பையோ இருந்தது. அவள் நிற்கவில்லை. முதல் தடவையாகக் கூடத்தின் மறுகோடிக்கு, குழாய்ப் பக்கத்து மூலை மேசைக்கு நடந்தாள். முன்னூறு பேர் பார்க்கத்தான் நடந்தாள். பார்க்கட்டும் என்றுதான் நடந்தாள். அகெல்லோ தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

மேகலா நாற்காலியின் முதுகைப் பிடித்து இழுக்கக் கை நீட்டினாள்.

அகெல்லோ குனிந்து, காலடியிலிருந்த பயணப் பையைத் தூக்கி அந்த நாற்காலியில் வைத்தாள். கோபமாக வைக்கவில்லை. மேகலாவை நிமிர்ந்து பார்த்துச் சிரித்த முகமாகவே சொன்னாள்.

"ஆள் வருது."

உச்சரிப்பு சுத்தமாக இருந்தது. முதுகுளத்தூர் இழுப்புகூட அப்படியே இருந்தது. யாரிடம் கற்றாள் என்று மேகலா கேட்க வேண்டியிருக்கவில்லை.

அவள் தள்ளிப் போய்ச் சுவரோரம் நின்றபடியே சாப்பிட்டாள். நின்றுகொண்டு சமாளிக்க அவளுக்குத் தெரியும். வாசலில் வண்டி ஒலி எழுப்பியதும் அகெல்லோ தட்டைக் கழுவி வைத்துவிட்டு, நாற்காலியிலிருந்த பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு போனாள். அதுவரை மேகலா பார்த்துக்கொண்டே இருந்தாள். யாரும் வரவில்லை.